சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், சக்கரத்துக்குள்ளே?

ஆவடி, பூந்தமல்லிப் பக்கமிருந்து திருப்பதிக்கும் ஏலகிரிக்கும் கிளம்பும் சுற்றுலா வேன்களில் எலுமிச்சம்பழம் நசுக்கத் தவறுவதில்லை. அந்தச் சக்கரத்துக்குள் காற்று எவ்வளவு என்று பார்ப்பவர்கள்தான் குறைவு.

இத்தனைக்கும் இது டயருக்குப் பேர்போன வட்டாரம். அம்பத்தூரில் டன்லப் ஆலை 1959-லேயே வந்துவிட்டது. அந்தப் பெயருக்குரிய ஜான் பாய்டு டன்லப் ஒரு கால்நடை மருத்துவர். மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்குக் காற்றடைத்த டயர் செய்து பார்த்து, 1888-ல் காப்புரிமை வாங்கியவர்.

காற்று குறைந்தால் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கிச் சூடேறும். உள்ளே பதினைந்து பேர், மேலே மூட்டைகள், சித்திரை வெயிலில் கொதிக்கும் பெங்களூரு நெடுஞ்சாலை. வெடிக்க வேறென்ன வேண்டும்?

சரியான அளவு பெரும்பாலும் ஓட்டுநர் கதவோர ஸ்டிக்கரில் இருக்கும். டயரிலேயே அச்சிட்டிருப்பது உச்சவரம்பு மட்டுமே. காலையில், வண்டி ஓடாமல் டயர் குளிர்ந்திருக்கும்போதே பார்க்க வேண்டும். வேன் டயரில் வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் அழுத்தம் சுமார் 2 பி.எஸ்.ஐ. கூடும். அதைக் கண்டு பயந்து ஸ்ரீபெரும்புதூர் பங்க்கில் காற்றை இறக்கிவிடும் ஓட்டுநர்களும் உண்டு. ஏலகிரியில் இரவு தங்கி டயர் ஆறியதும் அழுத்தம் அளவுக்குக் கீழே போயிருக்கும். மறுநாள் மலையிறக்கம் அந்த டயரில்தான்.

காற்றடிக்கும்போது ஸ்டெப்னியையும் சேர்த்துக்கொள்ளலாம். பங்க்கில் காற்று இலவசம்தானே!