கல்யாண வயதைக் குறிப்பவர் யார்?



நம்மவர் வீட்டு விசேஷம் எதற்குப் போனாலும் ஒரு கேள்வி காதில் விழும். இருபத்தாறு வயதுப் பெண்ணைப் பார்த்து, "இன்னும் மாப்பிள்ளை பாக்கலையா?" என்பார்கள். பக்கத்திலேயே முப்பத்திரண்டு வயது அண்ணன் உட்கார்ந்திருப்பான். அவனிடம், "என்ன தம்பி, வேலையெல்லாம் நிலையாச்சா?" என்று விசாரிப்பார்கள். பெண்ணுக்கு வயது ஏறுகிறதே என்று கவலை. ஆணுக்குச் சம்பளம் ஏறவில்லையே என்று கவலை.

இனத்தை வைத்தும் ஒரு கணக்குச் சொல்வார்கள். மலாய்க்காரர்கள் சீக்கிரம் முடித்துவிடுவார்கள், சீனர்கள் தாமதிப்பார்கள், நாம் இரண்டுக்கும் நடுவில் என்று. இன்றைய நிலவரத்துக்கு அது ஏறக்குறையச் சரிதான். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், மலேசியர் முதல் திருமணம் செய்யும் சராசரி வயது ஆணுக்கு 28, பெண்ணுக்கு 26-க்குச் சற்றுக் குறைவு. ஆனால் இந்த வரிசை என்றைக்கும் இப்படியே இருந்ததா? கெடாவின் திகாம் பத்து வட்டாரத்தைச் சுற்றிப் பார்த்தால் இல்லை என்று தெரியும்.

கித்தாத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த காலத்தில் கப்பல் ஏறியவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். 1931-இல்கூட மலாயாவில் 1000 இந்திய ஆண்களுக்கு 500 இந்தியப் பெண்கள் இல்லை. பெண் கிடைப்பதே அரிதாக இருந்ததால், பெரியவளான கையோடு பெண் கேட்டு வந்துவிடுவார்கள். கட்டுபவனோ நாலு காசு சேர்த்த பிறகு வருவான்; பத்து வயது வித்தியாசம் யாருக்கும் பெரிதாகப் படவில்லை. விடியற்காலை அம்மாவோடு நிரைக்குப் போய் மங்கு துடைத்துக் கொடுப்பதும், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வதும் பெண்பிள்ளையின் வேலை. பள்ளிக்கூடம் அதோடு நின்றுவிடும். மாமன் வீட்டிலேயே முறை இருந்தால் தேடவும் வேண்டாம்.

பெரியார் 1929 டிசம்பரில் பினாங்கில் வந்து இறங்கினார். அதே ஆண்டில்தான் இந்தியாவில் சாரதா சட்டம் நிறைவேறியது. பெண்ணுக்குக் குறைந்தபட்சத் திருமண வயது 14 என்றது. சுயமரியாதைப் பேச்சு தோட்டங்கள்வரை பரவியது. வயது மட்டும் அவ்வளவு வேகமாக நகரவில்லை. 1957 கணக்கெடுப்பின்போதும் இந்நாட்டு இந்தியப் பெண்களும் மலாய்ப் பெண்களும் சராசரியாக 18 வயதை ஒட்டியே மணமுடித்தார்கள். சீனப் பெண்கள் 22-ஐ ஒட்டி. லயத்துப் பெண்ணும் கம்பத்துப் பெண்ணும் மதத்தால் வேறு, மொழியால் வேறு. ஆனால் கல்யாண வயது மட்டும் ஏறத்தாழ ஒன்று.

அதை நகர்த்தியதில் தொழிற்சாலை பஸ்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு. 1972-இல் பாயான் லெப்பாஸில் வரியற்ற தொழில் மண்டலம் திறந்தது. அடுத்து பிறையிலும் சுங்கைப்பட்டாணியிலும் தொழிற்சாலைகள் எழுந்தன. 1996-இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா. இருட்டோடு தோட்டத்துச் சந்தியில் பஸ் வந்து நிற்கும். தமிழ்ப் பெண்ணும் மலாய்ப் பெண்ணும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் அமர்ந்து வேலைக்குப் போனார்கள். இடைநிலைப்பள்ளியை முடித்தவளுக்கு மாதச் சம்பளம். அதில் வீட்டுக்குக் கூட்டுப் பணம், தம்பிக்குப் பள்ளிச் செலவு. ஒரே தலைமுறையில் இரண்டு இனத்துப் பெண்களின் கல்யாண வயதும் வெகுவாக ஏறிவிட்டது. இன வழக்கம் என்று நாம் நினைத்ததில் பெரும்பகுதி படிப்பும் கூலியும்தான்.

இனத்துக்குப் பங்கே இல்லையா என்றால், இருக்கிறது. சட்டமே பிரிந்து நிற்கிறது. முஸ்லிம்களுக்கு ஷரியா சட்டம். மற்றவர்களுக்கு 1976-ஆம் ஆண்டின் திருமணச் சீர்திருத்தச் சட்டம். அது 1982 மார்ச் 1-ஆம் தேதி நடப்புக்கு வந்தது. இருபாலருக்கும் 18 வயது என்கிறது அது. ஆனால் 16 நிறைந்த பெண்ணுக்கு மட்டும் மாநில மந்திரி புசாரோ முதலமைச்சரோ சிறப்பு அனுமதி தரலாம். பையனுக்கு அந்த வழி கிடையாது. 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குத் தகப்பனாரின் எழுத்துப்பூர்வச் சம்மதம் வேண்டும். அவர் இறந்திருந்தால் தாயாரின் முறை வரும். அக்காள் மகளை மணக்கும் இந்து வழக்கத்துக்கும் அதே சட்டம் இடம் விட்டிருக்கிறது.

பதிவு இலாகாவில் கையெழுத்துப் போட்ட பிறகும் நம் வீடுகளில் பெண்ணும் பையனும் தனித்தனியாகத்தான் இருப்பார்கள். கோயிலில் தாலி ஏறினால்தான் கல்யாணம். மண்டபம் கிடைக்க வேண்டும், ஆடியும் மார்கழியும் கழிய வேண்டும், கைக்குப் பணம் வர வேண்டும். அரசாங்கக் கணக்கில் ஒரு வயது, வீட்டுக் கணக்கில் இன்னொரு வயது.

இன்றைய சிக்கல் வேறு. தோட்டம் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் லயத்து வீடு கைவிட்டுப் போனது. பட்டணத்தில் மாப்பிள்ளைக்கு வீடும் காரும் கேட்கிறார்கள். இரண்டு தங்கைகளை வைத்திருக்கும் மூத்தவனுக்கு, அவர்களைக் கரையேற்றும்வரை தன் பேச்சை எடுக்கவே கூச்சம். பெண்பிள்ளைகள் பல்கலைக்கழகம்வரை போகிறார்கள், பையன்களில் பலர் பாதியில் நின்றுவிடுகிறார்கள். மாப்பிள்ளை பெண்ணைவிட ஒரு படி மேலே இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு மட்டும் அசையவில்லை. அதனால் படித்த பெண்ணும் காத்திருக்கிறாள், படிக்காத பையனும் காத்திருக்கிறான்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். "நல்ல வரன் அமையல" என்று சொல்லும் சில வீடுகளில், வீட்டுக் கடனுக்கு மாதத் தவணை கட்டுவதே அந்தப் பெண்ணின் சம்பளம்தான். அது குற்றமில்லை, கஷ்டம். ஆனால் பழியை ஜாதகத்தின்மேல் போட்டுவிட்டு அவளை வருடக்கணக்கில் நிறுத்தி வைப்பது நியாயமில்லை. சம்பளம், கடன், தங்கையின் படிப்பு எல்லாவற்றையும் வெளிப்படையாகப் பேசுங்கள். அந்தப் பேச்சில் பெண்ணும் பையனும் உட்காரட்டும். எந்த வயதில் என்பதை அவர்களே சொல்லட்டும்.