நன்னீர்ச் சுறா

ஓமந்தையைச் சூழ்ந்த வன்னி நிலத்துக்குக் குளமே உயிர். குளம் நிறைந்தால் வயல் விளையும், மீனும் பெருகும். இலங்கையின் வறண்ட வலயத்து நன்னீரில் வாழும் வலிய மீன்களுள் ஒன்று வாளை.

மெய்யான ஆற்றுச் சுறா கங்கையில் உண்டு. 1839ஆம் ஆண்டில் விலங்கியலார் விவரித்த அவ்வினம் இன்று அற்றுப்போகும் நிலையில் இருக்கிறது. வாளையோ சுறாவன்று, கெளிற்றின் சுற்றம். அதன் அடங்காப் பசியைக் கண்டே அதற்கும் 'நன்னீர்ச் சுறா' என்று பெயரிட்டனர். செதிளற்ற நீண்ட உடல், கண்ணையும் கடந்து பிளக்கும் வாய், கூரிய பற்கள், இரண்டு சோடி மீசைகள் ஆகியன அதன் அடையாளங்கள். பகலில் ஆழத்தில் ஒதுங்கிக் கிடந்து, இரவில் சிறுமீன்களை வேட்டையாடும். ஒரு மீற்றருக்கு மேலும் வளரும்.

மழை வெள்ளம் பெருகியதும் வாளை ஆழ்நீரை விட்டு, வெள்ளம் பரந்த தாழ்நிலங்களை நாடி முட்டையிடச் செல்லும். ஆழங்குறைந்த அந்நீரில் அது எளிதில் அகப்பட்டுவிடுகிறது. சினை வாளை ஒன்று வலையில் வீழ்ந்தால், பின்வரும் ஆண்டுகளின் மீன்வளமும் அதனோடு வீழ்கிறது.

அளவிறந்த மீன்பிடியாலும் நீர்நிலைகளின் சீர்கேட்டாலும் இவ்வினம் அருகி வருகிறது. இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியமும் இதனை அழிவுக்கு இலக்காகக்கூடிய இனங்களுள் சேர்த்துள்ளது.

விதைநெல்லைக் குற்றிச் சோறாக்க எந்த உழவனும் ஒருப்படான். குளம் வான் பாயும் சில வாரங்களில் சினை வாளைக்கு வழிவிடுதலும் அத்தகைய முன்யோசனையேயாகும்.