எழுவர் கூடிய சபை

(வெள்ளி விழாக் கூட்டத்தில் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)



எம். புதுப்பட்டியிலிருந்து வேலைக்கும் படிப்புக்கும் சென்னை செல்லும் நம் பிள்ளைகள் சிலர், அங்குள்ள பெரிய பெந்தெகொஸ்தே சபைகளைப் பற்றி வியந்து பேசுகின்றனர். அவற்றின் வரலாற்றைச் சுருங்கக் கூறி, நம் கழகம் அதிலிருந்து கற்கத்தக்கது யாது என ஆராய்வதே என் நோக்கம். ஒரு மதத்துக்கு அழைப்பதோ, ஒரு மதத்தைப் பழிப்பதோ அன்று.

இவ்வியக்கத்தின் தொடக்கம் நம் உள்ளத்தைத் தொடத்தக்கது. வில்லியம் சீமோர் என்பவர் 1870-இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், அடிமைத்தளை நீங்கிய கறுப்பினப் பெற்றோருக்குப் பிறந்தார். ஹூஸ்டன் நகரில் வேதாகமப் பள்ளியொன்றில் பயில விரும்பினார். வெள்ளையரோடு ஒரே அறையில் அமர அந்நாளைய நிறவேற்றுமை இடந்தரவில்லை. வகுப்பறைக்கு வெளியே அமர்ந்து, திறந்திருந்த கதவின் வழியே பாடம் கேட்டார். இதன் வேதனையை நமக்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை. அவரே 1906-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் அசுசா தெருவில், பழைய கட்டடமொன்றில் வழிபாடு நடத்தினார். கறுப்பரும் வெள்ளையரும் அருகருகே மண்டியிட்டனர். அங்கிருந்து இயக்கம் பல நாடுகளுக்கும் பரவிற்று. ஆயினும் சில ஆண்டுகளிலேயே நிறத்தின் பெயரால் சபைகள் பிரிந்தன. ஒன்றுகூடுதல் எளிது, ஒன்றுபட்டு நிலைத்தல் அரிது.

சென்னையில் 1973-இல் போதகர் டி. மோகன் ஏழு பேருடன் ஒரு சபையைத் தொடங்கினார். சைதாப்பேட்டை சின்னமலையில் உள்ள புதுவாழ்வு ஏ.ஜி. திருச்சபை அதுவே. இன்று ஞாயிறுதோறும் பல மொழிகளில், பல வேளைகளில் ஆராதனை நடக்கிறது, பல்லாயிரவர் கூடுகின்றனர். இத்துணைப் பெருங்கூட்டத்தில் ஒருவரையொருவர் அறிவது எங்ஙனம்? வீடுகளில் கூடும் சிறு குழுக்களே அதற்கு விடை.

இம்முறையைப் புகழ்பெறச் செய்தது தென்கொரியாவின் சியோல் நகரத்துச் சபை. 1958-இல் சோ யோங்கி என்பவர் ஏழைகள் வாழ்ந்த பகுதியில், கூடாரத்தில் தொடங்கியது அது. 1960-களில் அவர் உடல்நலம் குன்றியபோது, பணியைச் சிறு குழுக்களுக்குப் பகிர்ந்தளித்தார். அவற்றின் தலைமையைப் பெரும்பாலும் பெண்கள் ஏற்றனர். வாரந்தோறும் பத்துப் பேர் கூடும் வீட்டில், வராதவர் யார் என்பது உடனே தெரிந்துவிடும். நோயுற்றவர் வீட்டுக்கு அன்றே ஒருவர் செல்வார். அச்சபை உலகின் மிகப் பெரிய சபைகளுள் ஒன்றாக வளர்ந்தது.

மறுபக்கத்தையும் கூறுவது என் கடமை. 2014-இல் அதே சோ யோங்கி, சபையின் பணத்துக்குப் பெரும் நட்டம் விளைவித்த வழக்கில் தண்டனை பெற்றார். எவ்வளவு பெரியவராயினும் கணக்குக் கேட்போர் இல்லையேல் அமைப்பு தடம் புரளும்.

இளைஞர்களே! நம் கழகத்துக்கு மாடிக் கட்டடம் வேண்டியதுதான். அதனினும் முன்னதாக வேண்டுவது ஒன்றுண்டு. பத்தாம் வகுப்பு முடித்த பெண் பட்டாசு ஆலைக்கு வாரக் கூலிக்குச் செல்லத் தொடங்கினால், அச்செய்தி அந்த வாரமே நமக்கு எட்ட வேண்டும். ஆண்டு இறுதியில் அறிந்து வருந்துவதால் பயனில்லை. எனவே பத்து வீட்டுக்கு ஒருவர் பொறுப்பேற்கட்டும்; அவர்களுள் பெண்கள் மிகுதியாக இருக்கட்டும். வாரம் ஒரு மாலை பிள்ளைகளை ஒரு திண்ணையில் கூட்டி, வராத பிள்ளையின் வீட்டுக் கதவைத் தட்டட்டும். வரவு செலவை ஆண்டுதோறும் பொதுக்குழுவில் படித்துக் காட்டுவோம்.

நம்முள் கோயிலுக்குச் செல்வோர் உளர். சபைக்குச் செல்வோர் உளர். எங்கும் செல்லாதோரும் உளர். சட்டம் மதத்தைப் பார்த்து ஒரே தெருவில் ஒருவருக்கு ஆதிதிராவிடர் என்றும், மற்றவருக்குப் பிற்படுத்தப்பட்டோர் என்றும் சான்றிதழ் தருகிறது. நம் கழகம் அப்பிரிவினையைத் தன் வாசலுக்குள் விடலாகாது. நம் மாலை வகுப்பில் எந்தப் பிள்ளையும் கதவுக்கு வெளியே அமரக் கூடாது.

எழுவர் கூடினால் போதும். இன்றே தொடங்கலாம்.