கணினி என்னும் உளி

மாமல்லபுரத்திற்குச் செல்வோர் பலரும் முடிந்த கோயில்களைக் கண்டு வியந்து திரும்பிவிடுகின்றனர். முடியாமல் விடப்பட்ட கோயில்களின்முன் நின்று நோக்குவோர் மிகச் சிலரே. ஊரின் மேற்கே வலையன்குட்டைத் தேரும் பிடாரித் தேர்கள் இரண்டும் அரைகுறையாகவே நிற்கின்றன. வீமன் தேரின் அடிப்பகுதியும் முற்றுப்பெறவில்லை. ஆயினும், தொழில் கற்க விரும்புவானுக்கு முடிந்த கோயிலினும் முடியாத கோயிலே நல்லாசான். பாறையின் உச்சியில் தொடங்கிக் கீழ்நோக்கி வேலை நடந்த முறையும், உளி விழுந்த தடமும் அங்கே வெளிப்படையாகத் தெரிகின்றன. பதின்மூன்று நூற்றாண்டு கழிந்து வரும் இளைஞனும் அவற்றைப் பார்த்து, ‘இப்படித்தான் செய்தார்கள், இப்படிச் செய்தால் எனக்கும் வரும்’ என்று துணிவு கொள்ளலாம்.

இன்று தமிழன் வீட்டிற்குள் புதிதாக நுழையும் கருவி கணினி. அக்கருவியின் உள்வேலை அவனுக்குத் திறந்திருக்கின்றதா, மூடப்பட்டிருக்கின்றதா? அஃது அவன் மொழியில் பேசுகின்றதா, பிறன் மொழியில் பேசுகின்றதா? புதுக் கணினி வாங்குவோர் கடையில் விலை கேட்குமுன் கேட்க வேண்டிய வினாக்கள் இவ்விரண்டே.

கணினியின் உடல் கண்ணுக்குத் தெரிவது. அவ்வுடலை இயக்கும் உயிர்போன்றது இயங்குதளம். விசையை அழுத்தியவுடன் திரையில் எழுத்துத் தோன்றுவதும், எழுதியதைக் கோப்பாகச் சேர்த்து வைப்பதும், அச்சுப்பொறியை வேலை வாங்குவதும் இயங்குதளத்தின் பணியே. கடையில் வாங்கும் கணினிகளுள் பெரும்பாலானவற்றில் விண்டோசு என்னும் இயங்குதளம் முன்பே ஏற்றப்பட்டு வருகின்றது. அதன் விலையும் கணினியின் விலையோடு சேர்ந்தே வருதலின், வாங்குவோர் அதைத் தனியே உணர்வதில்லை. அதைப் பயன்படுத்தும் உரிமம் மட்டும் கிடைக்கும்; அதன் உள்ளமைப்பைப் பார்க்கவோ, திருத்தவோ, அண்டை வீட்டானுக்குப் படியெடுத்துக் கொடுக்கவோ உரிமை கிடையாது.

இதற்கு மாறான வழியொன்றை 1983-ஆம் ஆண்டில் இரிச்சர்டு இசுடால்மன் என்னும் அமெரிக்க அறிஞர் அறிவித்தார். குனு என்பது அவர் தொடங்கிய திட்டத்தின் பெயர். 1991-இல் பின்லாந்து நாட்டின் எல்சிங்கி நகரில் இலினசு தோர்வால்சு என்னும் இருபத்தொரு அகவை மாணவர், இயங்குதளத்தின் கருவாகிய இலினக்சை எழுதி உலகுக்கு அளித்தார். இவ்விரண்டும் இணைந்தே இன்று கட்டற்ற இயங்குதளமாக வழங்குகின்றன. திறமூல மென்பொருள் என்றும் அதைச் சொல்வர். அதைப் பெறுவோனுக்கு நான்கு உரிமைகள் உண்டு: எந்நோக்கத்திற்கும் இயக்கலாம்; எவ்வாறு இயங்குகின்றது என்று ஆய்ந்து தனக்கேற்ப மாற்றலாம்; படியெடுத்துப் பிறர்க்கு வழங்கலாம்; தான் திருத்தியதையும் பிறர்க்கு வழங்கலாம். காசின்றிக் கிடைப்பது இதன் சிறு பயனே. உரிமையோடு கிடைப்பதே பெரும்பயன்.

இவ்விடத்தில் நேர்மையாக ஒன்று சொல்லல் வேண்டும். விண்டோசிலும் தமிழ் முகப்பு உண்டு. அதை மறைத்துப் பேசுதல் தகாது. வேறுபாடு எங்கே உள்ளதெனின், பிழை நேருமிடத்தில் உள்ளது. ‘கோப்பு’ என்றிருக்க வேண்டிய இடத்தில் ‘பைல்’ என்று இருந்தால், மூடிய இயங்குதளத்தில் தமிழன் விண்ணப்பம் எழுதலாம். முடிவு செய்யும் உரிமை வேற்றுநாட்டு நிறுவனத்தினுடையது. திறந்த இயங்குதளத்திலோ அச்சொல்லை அவனே திருத்தித் தரலாம். அது பிற தமிழராலும் ஓர்ந்து ஏற்கப்பட்டால், அடுத்த பதிப்பில் உலகெங்குமுள்ள தமிழர் திரையில் ‘கோப்பு’ என்றே தோன்றும். செங்கற்பட்டில் திருத்திய சொல் யாழ்ப்பாணத்திலும் கோலாலம்பூரிலும் தெரியும். மொழிக்கு இதனினும் சிறந்த தொண்டு வேறென்ன வேண்டும்?

சரி, புதிதாகத் தொடங்குவோர் எதைத் தேர்வது? இலினக்சின் வகைகள் நூற்றுக்கணக்கில் உள்ளன என்று கேட்டவுடனேயே பலர் மலைத்துப் பின்வாங்கிவிடுகின்றனர். மலைக்க வேண்டுவதில்லை. 1993-இல் தோன்றிய தெபியன் என்பது ஒரு தாய். 2004-இல் வந்த உபுண்டு அதன் மகள். 2006-இல் வந்த மிண்டு, உபுண்டுவின் வழிவந்த பெயர்த்தி. சி-டாக் என்னும் இந்திய நடுவணரசின் கணினி ஆய்வு நிறுவனம் சென்னையில் உருவாக்கி 2007-இல் வெளியிட்ட போசும் தெபியனின் வழிவந்ததே. ஒன்றைக் கற்றவன் மற்றவற்றிலும் தடுமாறான்.

விண்டோசில் பழகிய கை முதன்முறையாக இப்பக்கம் வருமாயின், மிண்டு ஏற்றது. பட்டி கீழே இடப்பக்கத்தில், பழகிய இடத்திலேயே இருக்கும். கற்றுக்கொள்ள நூலும் விளக்கமும் மிகுதியாக வேண்டுமென்போர்க்கு உபுண்டு நன்று. அதன் நீண்டகால ஆதரவுப் பதிப்பு ஈராண்டுக்கு ஒருமுறை வெளிவரும். ஒவ்வொன்றுக்கும் ஐந்தாண்டுக் காலம் காப்புத் திருத்தங்கள் காசின்றி வரும். ஆகலின், தொடங்குவோர் இடைப்பதிப்புகளை விட்டு நீண்டகாலப் பதிப்பையே எடுத்தல் வேண்டும். இந்திய மொழிகளை முன்வைத்து அமைந்ததைப் பள்ளியிலும் அலுவலகத்திலும் நிறுவ விரும்புவோர் போசை ஆய்ந்து பார்க்கலாம். வீட்டில் முதற்கணினிக்கு எது என்று ஒரே சொல்லில் கேட்பாருக்கு விடை: மிண்டு.

தேர்ந்தபின் உடனே பழையதை அழித்துவிடல் கூடாது. இயங்குதளத்தை வலைத்தளத்திலிருந்து இறக்கி, எட்டுக் கிகாபைட்டுக் கொண்ட ஒரு விரலியில் ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கலாம். நிறுவாமலே எல்லாவற்றையும் பார்க்கலாம். கணினியில் உள்ளது ஒன்றும் மாறாது. ஒலி வருகின்றதா, கம்பியில்லா இணைப்புக் கிடைக்கின்றதா, அச்சுப்பொறி வேலை செய்கின்றதா என்று ஒரு மாலைப்பொழுது ஆய்ந்தால் போதும். நிறைவளித்தால் நிறுவலாம். நிறுவுமுன் தம் கோப்புகளையும் படங்களையும் வேறிடத்தில் படியெடுத்து வைத்தல் கட்டாயம். இதில் சோம்பினோர் பின்னர் வருந்துவர். ஐயமுடையோர் விண்டோசை ஒரு பகுதியிலும் இலினக்சை மறுபகுதியிலும் வைத்து, தொடங்கும்போது ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம்.

நிறுவியவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை மொழியைத் தமிழாக்குவது. இரண்டாம் வேலை தமிழ்99 விசைப்பலகையைச் சேர்ப்பது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டு அரசு ஏற்ற விசைப்பலகை அது. உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கையிலும் அமைய, 31 விசைகளைக் கொண்டே 247 எழுத்துகளையும் எழுதலாம். தமிழெழுத்துகள் யாவும் நேர்விசையில் உள்ளன. வடவெழுத்துகளை எழுதவே மேல்விசையைச் சேர்த்து அழுத்தல் வேண்டும். ஆங்கில எழுத்தில் ‘அம்மா’வை ஒலிபெயர்த்து எழுதிப் பழகும் குழந்தை, தமிழைத் தட்டும்போதும் ஆங்கிலத்திலேயே எண்ணும். தமிழ்99-இல் பழகும் குழந்தை அகரத்தை அகரமாகவே எண்ணும். பத்து நாட் பயிற்சியில் கைவந்துவிடும் இதனைப் பெற்றோர் கற்பிக்காதிருப்பது பெருங்குறை.

இடையூறுகளையும் மறைத்தல் கூடாது. கணக்கெழுதும் விற்பனை மென்பொருள்களுள் சில விண்டோசில் மட்டுமே ஓடும். வணிகர் அதனை முன்னரே கேட்டறிந்து முடிவு செய்தல் நன்று. பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். அதற்கான மாற்றிகள் உள்ளன. மிண்டிலும் உபுண்டுவிலும் மொழியைத் தமிழாக்கினாலும் சிற்சில பட்டிகள் ஆங்கிலத்திலேயே நிற்கும். அதைக் கண்டு, ‘தமிழ் இதற்கு ஆகாது’ என்று சொல்வோர் உளர். ஆகாதது தமிழன்று, அவ்வரிகளை எந்தத் தமிழனும் இன்னும் பெயர்க்கவில்லை என்பதே உண்மை. மொழிபெயர்ப்புப் பணி எல்லார்க்கும் திறந்தே கிடக்கின்றது; நிரல் எழுதத் தெரிய வேண்டுவதில்லை, நல்ல தமிழ் தெரிந்தால் போதும்.

செங்கற்பட்டு மாவட்டத்திற்கு இச்செய்தி பிற மாவட்டங்களினும் மிகப் பொருந்தும். 2019 நவம்பரில் காஞ்சிபுரத்தினின்று பிரிந்து தனி மாவட்டமான இம்மண்ணில், மாமல்லபுரம் செல்லும் பழைய சாலையோரம் சிறுசேரியில் மென்பொருள் வளாகம் உள்ளது. பரனூரில் மகிந்திரா நகரம் உள்ளது. அங்கெல்லாம் தமிழிளைஞர் உலக நாடுகளின் வணிகத்திற்கும் வைப்பகத்திற்கும் நிரல் எழுதித் தருகின்றனர். அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவிலேயே, 1916-இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய அடிகளாரின் பெயர் தாங்கி மறைமலைநகர் நிற்கின்றது. உலகுக்கெல்லாம் நிரல் எழுதும் கை, தாய்மொழிப் பட்டியில் பத்து வரி பெயர்க்க நேரமில்லை என்று சொல்லுமாயின், அந்நகரின் பெயர்ப்பலகைக்கு என்ன விடை சொல்வது?

அரசின் முயற்சிகளும் எண்ணத்தக்கன. தமிழ்நாட்டு மின்னணு நிறுவனமாகிய எல்காட்டு, 2007-ஆம் ஆண்டளவில் தன் அலுவலகக் கணினிகளை இலினக்சுக்கு மாற்றி வழிகாட்டிற்று. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோசோடு போசும் மாணவர்க்கு ஏற்றித் தரப்பட்டது. கருவி கைக்கு வந்தது. ஆயினும், அதைத் திறந்து காட்டும் ஆசிரியர் ஊர்தோறும் வந்தாரில்லை. மலையாள நாட்டார் செய்தது வேறு. அவர்கள் ஆசிரியர்க்கு முதலிற் பயிற்சி அளித்தனர்; பள்ளிக் கணினிக் கல்வியையே கட்டற்ற மென்பொருளில் அமைத்தனர்; உபுண்டுவைக் கொண்டு தம் பள்ளிகளுக்கென்றே மலையாளம் பேசும் இயங்குதளம் ஒன்றை ஆக்கிக்கொண்டனர். தேர்வும் அதிலேயே நடந்தது. அங்கே வென்றது ஒழுங்கான பயிற்சி. அப்பயிற்சி இங்கும் நடக்கக்கூடாததன்று.

தன்முயற்சியாலும் பணி நடந்தே வருகின்றது. 2012 சனவரியில் தொடங்கிய ‘கணியம்’ மின்னிதழ், கட்டற்ற மென்பொருளைத் தமிழிலேயே கற்பித்து வருகின்றது. காஞ்சி இலினக்சுப் பயனர் குழுவினர் புதியோர் ஐயங்களைத் தீர்த்து உதவுகின்றனர். தனியே நின்று திகைப்பதினும் இத்தகையோரை அணுகிக் கேட்பதே அறிவுடைமை.

இன்னொன்றும் நினைவிற்கொள்ளத் தக்கது. விண்டோசு 10-க்கான பொது ஆதரவு 2025 அக்தோபர் 14-இல் முடிந்தது. விண்டோசு 11-ஐ ஏற்கும் உறுப்புகள் இல்லாத கணினிகள் பல வீடுகளிலும் பள்ளிகளிலும் நல்ல நிலையிலேயே கிடக்கின்றன. அவற்றைக் குப்பையில் எறியவேண்டா. நான்கு கிகாபைட்டு நினைவகம் இருந்தால், மிண்டின் எளிய வகையாகிய எக்சுபேசுப் பதிப்பு அவற்றில் அமைதியாக ஓடும். புதிது வாங்கும் வீட்டார் பழையதை அவ்வாறு உயிர்ப்பித்து, அருகிலுள்ள ஏழை மாணவனுக்கு அளிப்பாராயின் அஃது இரட்டை அறமாகும்.

தமிழன்பர்களே! மாமல்லபுரத் தெருக்களில் இன்றும் உளியோசை கேட்கின்றது. அங்குள்ள கல்தச்சன் உளி மழுங்கினால், உலையில் காய்ச்சி அடித்துக் கூராக்கி மீண்டும் கல்லின்முன் அமர்கின்றான். ‘இவ்வுளியைத் தீட்டும் உரிமை உனக்கில்லை, புதிது வாங்கு’ என்று ஒருவன் சொன்னால் அவன் நகைப்பான். கல்லுளிக்குப் பொருந்துவது கணினிக்கும் பொருந்தும். ஆகவே, புதுக் கணினி வாங்குவோர் திறந்த இயங்குதளத்தைத் தேர்க. தேர்ந்ததைத் தமிழில் திறக்க. திறந்தபின் திரையில் ஆங்கிலமாகவே நிற்கும் வரிகளுள், ஒரு மாதத்திற்கு ஒன்றையேனும் நல்ல தமிழில் பெயர்த்துத் தருக. மூன்றாவதைச் செய்யாதவிடத்து முதலிரண்டும் பாதி வேலையே. முடியாத கோயில்கள் மாமல்லபுரத்தில் நின்று அழகு தரட்டும். தமிழ்க் கணினி அவ்வாறு பாதியில் நிற்றல் வேண்டா!