கிருமிநீக்கும் தொழிலும் மலையக வாலிபரும்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



வைத்தியசாலை உத்தியோகம் என்றதும் வைத்தியரும் தாதியுமே நம் மனக்கண் முன் தோன்றுவர். சத்திரசிகிச்சைக் கூடத்துக் கத்தியையும் கத்தரியையும் கழுவிக் கிருமியற்றதாக்கி அனுப்புகின்றவரை நாம் நினைப்பதில்லை. நோயாளியும் அவர் முகத்தைக் காண்பதில்லை. அவருடைய தொழிலைக் குறித்தே இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகின்றோம்.

"படிக்க வைத்தது பாத்திரம் கழுவவா?" என்று கேட்கும் பெற்றோர் நம்மிடையே உண்டு. அக்கேள்விக்கு விடை கூறுவது நமது கடமையாகும்.

சரித்திரத்தைச் சற்று நோக்குவோம். 1847இல் வியன்னா நகரின் பிரசவ விடுதியொன்றில், வைத்தியர்கள் குளோரின் சேர்ந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவ வேண்டுமென்று செம்மல்வைஸ் என்பவர் விதித்தார். தாய்மாரின் மரணம் வெகுவாகக் குறைந்தது. ஆயினும் வைத்தியருட் பலர் அவரை ஏற்கவில்லை. 1867இல் ஜோசப் லிஸ்டர், காபோலிக் அமிலத்தால் புண் சீழ்பிடிக்காமல் காக்கும் முறையை வெளியிட்டார். 1879இல் பாஸ்டரின் உதவியாளரான சேம்பர்லாண்ட், அமுக்க நீராவியால் கிருமிகளைக் கொல்லும் ஓட்டோகிளேவ் என்னும் யந்திரத்தை அமைத்தார். இன்றைய சத்திரசிகிச்சை முழுவதும் இந்தக் கழுவுதலின் மேல் நிற்கின்றது.

கொதிநீர் போதாதா என்று சிலர் கேட்கலாம். கடல்மட்டத்தில் நீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும். ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றின் அமுக்கம் குறைவு. ஆகையால் அங்கே 94 பாகையளவிலேயே கொதித்துவிடும். சில கிருமிகளின் வித்திகளோ 100 பாகையிலும் சாவதில்லை. எனவேதான் மூடிய யந்திரத்தில் நீராவியை 121 பாகைக்கு ஏற்றி 15 நிமிடமேனும், 134 பாகைக்கு ஏற்றி 3 நிமிடமேனும் நிறுத்துகின்றனர். அமுக்கமானி சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தல் காட்டினால் கடல்மட்டத்தில் உள்ளே 121 பாகை இருக்கும். நுவரெலியாவில் அதே 15க்கு 118 பாகையளவே இருக்கும். முள் 18ஐ எட்ட வேண்டும். இந்தக் கணக்கை அறியாதவர் மலைநாட்டில் இத்தொழிலைச் செய்வது எங்ஙனம்? இது வெறும் கைவேலையன்று, அறிவு வேலையாகும்.

வேலையின் ஒழுங்கைக் கேளுங்கள். இரத்தம் காய்ந்து ஒட்டியிருந்தால் அதன் கீழுள்ள கிருமியை நீராவி தொடாது. ஆதலால் முதலில் ஒவ்வோர் ஆயுதத்தின் மூட்டையும் திறந்து தேய்த்துக் கழுவ வேண்டும். பின்பு உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்து, எண்ணி, பொதிசெய்து யந்திரத்தில் வைக்க வேண்டும். கொழுந்தை வாட்டும் தட்டில் குவித்து அடைத்தால் காற்று ஊடுருவாது என்பது நம் தொழிற்சாலைகளில் அனைவரும் அறிந்ததே. பொதிகளையும் அவ்வாறே நெருக்கி வைத்தல் ஆகாது. ஈரத்தோடு வெளிவந்த பொதியை ஒதுக்கிவிட வேண்டும். ஈரத்தின் வழியே கிருமி உட்புகும். பொதியின் மேல் ஒட்டிய நாடா நிறம் மாறுவது, அது யந்திரத்துள் சென்றதற்கு மாத்திரமே சாட்சி. கிருமி மாண்டதா என்பதை அறிய உயிருள்ள வித்திகள் அடங்கிய சோதனைக் குப்பியையும் உடன் வைப்பர்.

தரையில் விழுந்த பொதியை மீண்டும் தட்டில் வைத்தால் யாருக்குத் தெரியும்? வைத்தவருக்கு மாத்திரமே தெரியும். ஆகவே இத்தொழிலுக்கு முதற் தகுதி நேர்மையே.

150 கட்டில்கள் கொண்ட டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலைக் கட்டடம் 2017 மே மாதத்தில் திறந்துவைக்கப்பட்டது. அங்காயினும் நுவரெலியாவிலாயினும் கொழும்பிலாயினும், சத்திரசிகிச்சை நடைபெறும் இடமெங்கும் இக்கைகள் வேண்டும். அமெரிக்காவில் இத்தொழிலுக்கென வழங்கப்படும் முக்கிய சான்றிதழொன்றுக்குப் பரீட்சையோடு 400 மணிநேரக் கைப்பயிற்சியும் கேட்கின்றனர். கடல் கடந்து செல்ல எண்ணுவோர் இதனை மனத்திற் கொள்க.

வாலிபர்களே, யுவதிகளே! விஞ்ஞானப் பாடத்தை ஊன்றிப் படியுங்கள். தமிழோடு சிங்களமும் ஆங்கிலமும் கற்றுக்கொள்ளுங்கள். வர்த்தமானியில் வரும் அரசாங்க விளம்பரங்களைத் தவறாமல் பாருங்கள். வேலையில் அமர்ந்தால் கையுறையின்றி ஆயுதத்தைத் தொடாதீர்கள். ஈரல் அழற்சி பி நோய்க்குத் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.

பெரியோர்களே! நம் பாட்டன் பாட்டிமார் கொழுந்து பறித்து இந்நாட்டை வாழவைத்தனர். உலகமோ அவர்களைக் கூலி என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டது. அந்தச் சொல் தைத்த புண் நமக்குத் தெரியும். அதே சொல்லை நம் பிள்ளைகளின் தொழில் மேல் நாமே எறியலாமா? ஒரு தாய் பிரசவித்துக் காய்ச்சலின்றி வீடு திரும்பும்போது, அவள் காணாத ஒருவர் செய்த வேலையும் அவளோடு லயத்துக்கு வந்து சேருகின்றது. அந்த ஒருவர் நம் தோட்டத்துப் பிள்ளையாயின் அது நமக்குப் பெருமையே. அதற்கு வேண்டிய படிப்புக்கும் விண்ணப்பத்துக்கும் சங்கத்தார் துணைநிற்க வேண்டுமெனக் கேட்டு அமைகின்றோம்.