விளையாட்டும் மனத்திடமும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)

நமது குழந்தைகளின் படிப்பைப் பற்றி இம்மேடையில் பலர் பேசியிருக்கின்றனர். அவர்களுடைய விளையாட்டைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்த சங்கத்தாருக்கு என் வந்தனம். விளையாட்டு வீண்பொழுது என்னும் எண்ணம் நம்மிற் பலருக்கு உண்டு. உழைத்து உண்ணும் குடும்பங்களில் அவ்வெண்ணம் எழுவது இயல்பே. ஆயினும், தோல்வியைத் தாங்கி மீண்டும் முயலும் மனத்திடத்தைக் குழந்தை கற்கும் முதற் பள்ளிக்கூடம் விளையாட்டே என்பது என் துணிபு.

பல்லாங்குழியை எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு 7 ஆக, அதில் 14 குழிகள். ஓர் ஆட்டத்தில் காய்களை இழந்தவர், மறு ஆட்டத்தில் தம்மிடம் எஞ்சிய காய்களைக் கொண்டு எத்தனை குழிகளை நிரப்பக் கூடுமோ அத்தனையை மட்டும் நிரப்பி ஆடுகின்றார். இழந்தவரை உடனே விலக்காமல், இருப்பதைக் கொண்டு ஆடுமாறு சொல்கின்றது விதி. அவ்வாறு அமர்ந்தவர் பொறுமையாய் எண்ணி ஆடி, விட்ட குழிகளை மீட்பதும் உண்டு. கைம்முதல் குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்கு இது பெரும் பாடமன்றோ?

சடுகுடுவிலோ, பிடிபட்டவன் ஓரத்திற் சென்று அமர்கின்றான். அவனுடைய கட்சியார் எதிர்க்கட்சியில் ஒருவனை வெளியேற்றினால் அவன் மறுபடியும் களம் புகுவான். அதுவரை சினத்தை அடக்கிக் காத்திருக்கவும், தோழரை நம்பவும் அவன் பழகுகின்றான். நூறு முறை உபதேசித்தும் வாராத பழக்கம் ஒரு மாலைப்பொழுதின் ஆட்டத்தில் வந்துவிடுகின்றது.

நிற்க, நம் பகுதியின் நிலையைச் சிறிது நோக்குவோம். ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கங்களில் ஷூவின் மேற்பாகத்தைக் கையால் தைக்கும் வேலையைப் பெண்கள் பலர் வீட்டிலிருந்தே செய்கின்றனர். கூலியோ ஜோடிக் கணக்கு. ஆதலின் பள்ளி விட்டு வந்த பிள்ளையின் கையிலும், சிறப்பாகப் பெண்பிள்ளையின் கையில், ஊசி ஏறிவிடுகின்றது. இதற்காகத் தாய்மாரைக் குறைகூறுதல் தகாது; கூலியின் சிறுமையே காரணம். வெளியே ஆடலாமென்றால், பாலாற்று மணலும் முன்போல் இல்லை. தோல் பதனிடும் சாலைகளின் கழிவு குறித்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு செய்யவேண்டுமென்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிள்ளைகள் இழந்த ஆடுகளத்துக்கு ஈடு கேட்பவர் யார்?

ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்று ஐக்கிய நாடுகள் சபை 1989இல் ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு கூறுகின்றது. 1992இல் நம் தேசமும் அதனை ஏற்றது. அவ்வுரிமை நம் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேரவேண்டாமா?

ஆகவே, பெற்றோர்க்குச் சில விண்ணப்பங்கள். மாலையில் ஒரு மணி நேரம் பிள்ளையின் கையில் ஊசி இருத்தலாகாது; ஆணுக்கும் பெண்ணுக்கும் இது பொது. பிள்ளை தோற்று அழுங்கால் ஏளனம் செய்யற்க. அழுகைக்கு அஞ்சி வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தும் பழக்கற்க. அழுகை ஓய்ந்தபின், “இன்னோர் ஆட்டம் ஆடலாமா?” என்று கேளுங்கள். கள்ளக் கணக்கு எண்ணினால் அடியாமல் மறுபடி எண்ணச் சொல்லுங்கள். ஆட்டம் முடிந்ததும் சோழிகளைப் பொறுக்கிப் பையிலிட அப்பிள்ளையையே ஏவுங்கள். வாய்மையும் ஒழுங்கும் இவ்வாறே படியும்.

சங்கத்தாருக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. ஞாயிறுதோறும் மாலையில் இக்கட்டிடத்தின் முன்றிலை நம் குழந்தைகளுக்குத் திறந்துவிடுங்கள். செலவு சொற்பமே: சில பல்லாங்குழிப் பலகைகளும், கவனித்துக்கொள்ள முதியோர் இருவரும் போதும். நாளை அப்பிள்ளைகள் தேர்வில் தவறலாம், வேலை இழக்கலாம், கடன்படலாம். அந்நாளில் மனமுடையாது, “இருக்கும் காயைக் கொண்டு ஆடுவேன்” என்று எழுந்து நிற்பார்களாயின், அதுவே நாம் அவர்களுக்கு வைத்த பெருஞ்சொத்தாகும்.