இணைய ஆடை விற்பனையும் இருப்புக் கணக்கும்

(பயிற்சி அலுவலர்களுக்கும் பொருளாதார மாணவர்களுக்கும் ஆற்றிய உரை)

ராஜஸ்தானில் ஜெய்ப்பூரை அடுத்த சாங்கானேர், பக்ரூ ஆகிய ஊர்கள் மரக்கட்டை அச்சுத் துணிகளுக்குப் பெயர் பெற்றவை. இரண்டின் அச்சு முறைகளும் புவிசார் குறியீடு பெற்றுள்ளன. முன்னர் இத்துணிகள் மொத்த வியாபாரி வழியாகவோ பொருட்காட்சி வழியாகவோதான் வெளியூர் சென்றன. இன்று அத்தகைய ஊர்களின் ஆடைகளை நாட்டின் எந்த மூலையில் இருப்பவரும் இணையக் கடைகளில் வாங்க இயலுகிறது. வாங்குபவருக்கும் உற்பத்தியாளருக்கும் இடையிலான தூரம் குறைந்துவிட்டது. ஆனால், விற்பனை நடக்கும் திரைக்கும், சரக்கு அடுக்கியுள்ள அலமாரிக்கும், வரவு செலவு எழுதும் பேரேட்டுக்கும் இடையிலான தூரம் பல சிறு தொழில்களில் இன்னும் குறையவில்லை. விற்பனை பெருகியும் கையில் பணம் நில்லாமைக்கு இதுவும் ஒரு முக்கியக் காரணமாகும்.

இருப்பின் சிக்கல்

அரிசியையும் சர்க்கரையையும் போல ஆடையை ஒரே இனமாகக் கணக்கிட முடியாது. பத்து வடிவங்கள், ஒவ்வொன்றிலும் நான்கு நிறங்கள், ஆறு அளவுகள் என்று கொண்டால் இருப்பில் 240 இனங்கள் உண்டாகின்றன. ஓர் உற்பத்தியாளர் தம் சொந்த இணையக் கடையிலும் வேறு இரு சந்தைத் தளங்களிலும் இவற்றை விற்பதாகக் கொள்ளலாம். சிவப்பு நிறக் குர்த்தா ஒன்று நடுத்தர அளவில் ஒன்றே ஒன்று எஞ்சியிருக்கையில், ஒரே மணி நேரத்தில் இரு தளங்களிலிருந்து ஆணைகள் வந்தால் ஒன்றை ரத்து செய்ய நேரும். ரத்துகள் மிகுந்தால் தளத்தில் விற்பனையாளரின் மதிப்பீடு தாழும்.

இதற்கு அஞ்சி, தளத்திற்கு ஒரு பங்காகச் சரக்கைப் பிரித்து வைப்பவர் பலர். அதன் விளைவாக ஓரிடத்தில் சரக்குத் தேங்க, மற்றோரிடத்தில் தட்டுப்பாடு ஏற்படுகிறது. நடைமுறை மூலதனம் அலமாரியில் முடங்கிவிடுகிறது. பருவம் கடந்த ஆடையின் விலையும் சரிந்துவிடும்.

கணக்கின் சிக்கல்

ரூ. 1,050க்கு விற்ற ஓர் ஆடையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இதில் சரக்கின் மதிப்பு ரூ. 1,000, 5 சதவீத சரக்கு மற்றும் சேவை வரி ரூ. 50. தளத்தின் தரகு ரூ. 150 என்றும் அனுப்பும் கட்டணம் ரூ. 70 என்றும் வைத்துக்கொண்டால், அவற்றின் மீது 18 சதவீத வரி ரூ. 39.60 ஆகிறது. மேலும், தளம் விற்பனை மதிப்பில் 0.5 சதவீதத்தை, அதாவது ரூ. 5ஐச் சரக்கு மற்றும் சேவை வரிக்காகப் பிடித்துச் செலுத்துகிறது. 2024 ஜூலை 10க்கு முன் இது 1 சதவீதமாக இருந்தது. வருமான வரிக்காகப் பிடிப்பதும் 2024 அக்டோபர் முதல் 1 சதவீதத்திலிருந்து 0.1 சதவீதமாகக் குறைந்தது. இங்கு அது ரூ. 1. இறுதியில் வங்கிக்கு வந்து சேர்வது ரூ. 784.40.

வங்கிக்கு வந்த தொகையையே விற்பனையாக எழுதிக்கொள்பவர் நான்கு இழப்புகளுக்கு ஆளாகிறார். அவருடைய விற்பனை குறைவாகப் பதிவாகிறது. தரகு, அனுப்பும் கட்டணம் ஆகியவற்றின் மீதான ரூ. 39.60 உள்ளீட்டு வரி வரவு கைநழுவுகிறது. பிடித்த ரூ. 6 கேட்பாரற்றுப் போகிறது. தளம் தாக்கல் செய்யும் விவர அறிக்கைக்கும் அவர் காட்டும் விற்பனைக்கும் வேறுபாடு தோன்றி, விளக்கம் கோரும் அறிவிப்பு வருகிறது. ஓர் ஆடைக்கு இது சிறு தொகையே. ஆயிரம் ஆடைகளுக்கு ரூ. 45,600 ஆகிவிடும்.

வரி விகிதமும் விலையைப் பொறுத்தது. 2025 செப்டம்பர் 22 முதல் ரூ. 2,500க்கு மேற்படாத ஆடைக்கு 5 சதவீதமும் அதற்கு மேற்பட்டதற்கு 18 சதவீதமும் விதிக்கப்படுகின்றன. வரி நீங்கலாக ரூ. 2,600 மதிப்புள்ள ஆடையை 10 சதவீதத் தள்ளுபடியில் ரூ. 2,340க்கு விற்றால் விகிதமே மாறிவிடுகிறது. கணக்கேடு பட்டியல் விலையை அல்லாமல், உண்மையில் விற்ற விலையையே பின்பற்ற வேண்டும்.

திரும்பி வரும் சரக்கு

அளவு பொருந்தாமையால் ஆடைகள் திரும்பி வருவது இவ்வணிகத்தின் இயல்பு. திரும்பிய ஆடை வழியில் இருக்கிறதா, வந்து சேர்ந்ததா, மறுபடி விற்கத் தக்கதா, பழுதுற்றதா என்ற நிலைகள் தனித்தனியே பதிவாக வேண்டும். பணம் திருப்பித் தரப்பட்டவுடனேயே இருப்பில் ஒன்றைக் கூட்டிவிட்டால், இல்லாத ஆடை விற்பனைக்கு வந்துவிடும். வரியைச் சரிக்கட்டுவதற்கான வரவுக் குறிப்பையும், விற்பனை நடந்த நிதியாண்டிற்கு அடுத்து வரும் நவம்பர் 30க்குள் கணக்கில் காட்டியாக வேண்டும்.

இணைக்கும் முறை

மூன்றையும் இணைப்பதற்கு முதற்படி, ஒவ்வோர் இனத்திற்கும் ஒரே அடையாள எண் அளிப்பதாகும். தளங்கள் தத்தம் எண்களை இட்டாலும் அவை அனைத்தும் இந்த முதன்மை எண்ணைச் சுட்ட வேண்டும். இரண்டாவது, ஆணை வந்ததும் இருப்பில் ஒன்று ஒதுக்கப்பட்டு, அச்செய்தி மற்றத் தளங்களுக்கு உடனே செல்ல வேண்டும். கணினி நிரல்கள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறும் ஏ.பி.ஐ. எனும் இணைப்பு வழிகள் இதற்குப் பயன்படுகின்றன. ஒரே செய்தி தவறுதலாக இருமுறை வந்தாலும் ஆணை எண்ணைக் கொண்டு ஒருமுறை மட்டுமே பதிவாகுமாறு அமைத்தல் இன்றியமையாதது. மூன்றாவது, தளம் அனுப்பும் தீர்வைப் பட்டியலை ஆணை வாரியாக வங்கி வரவுடன் ஒப்பிட வேண்டும். நான்காவது, அலமாரியில் உள்ளதைக் கையால் எண்ணிப் பார்க்கும் பழக்கம் நீங்கலாகாது. திருட்டையும் பழுதையும் எந்த நிரலும் தானே கண்டறியாது.

சிறு உற்பத்தியாளரின் நிலை

2019-20ஆம் ஆண்டின் நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி கைத்தறித் தொழிலாளர் 35.22 லட்சம் பேர். இவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியே நிரலுக்கு மாத வாடகை செலுத்துவது நடவாத செயல். 2023 அக்டோபர் முதல், பதிவு வரம்பிற்கு உட்பட்ட சிறு விற்பனையாளர் தம் மாநிலத்திற்குள் தளங்கள் வழியே பொருள் விற்கக் கட்டாயப் பதிவு தேவையில்லை என்ற சலுகை வந்துள்ளது. அது தொடக்கத்திற்கு உதவும். கணக்கெழுதும் கடமையை அது நீக்கிவிடவில்லை. கூட்டுறவுச் சங்கங்களும் உற்பத்தியாளர் குழுக்களும் பொதுவான இருப்பேட்டையும் ஒரு கணக்காளரையும் பகிர்ந்துகொள்ளலாம். தளம் மாறினாலும் விற்பனை விவரங்கள் உற்பத்தியாளரிடமே தங்குவதற்கு உறுதி வேண்டும்.

சீரான கணக்கு வரி அதிகாரிக்காக மட்டும் எழுதப்படுவதன்று. எந்த அளவு ஆடை விற்கிறது, எது தேங்குகிறது, எதில் இலாபம் நிற்கிறது என்பதை அது உற்பத்தியாளருக்கே முதலில் உரைக்கிறது. ஈடாக வைக்க நிலமோ வீடோ இல்லாதவர் வங்கியை அணுகும்போது நம்பத்தக்க விற்பனைக் கணக்கே அவருக்குத் துணையாகிறது. ஆகவே, சிறு தொழில் வளர்ச்சிக்குப் பொறுப்பேற்கும் அலுவலர்கள், இணையத்தில் எத்தனை கடைகள் திறக்கப்பட்டன என்று எண்ணுவதோடு நில்லாமல், அவற்றுள் எத்தனை கடைகளின் இருப்பும் பேரேடும் மாத இறுதியில் ஒத்துப்போகின்றன என்பதையும் கேட்டறிதல் வேண்டும்.